நடத்தை: நன்று

இது கொஞ்சம் நீளமான பதிவு. சமையல் அடுப்பில் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். உங்களில் சிலரைப் பற்றியது, என்னைப் பற்றியதும்கூட.

2025 ஜூலையில் ஓர் இரவு ஒன்பதரை மணிக்குப் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். நம் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பெயர் எழுதமாட்டேன், எழுதினால் பழைய தப்பையே திரும்பச் செய்தவளாவேன். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. நலம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. 2018-ல எங்க பேட்ச் பத்தி ஒரு போஸ்ட் போட்டீங்க இல்ல, அதுல என்னை டேக் பண்ணியிருக்கீங்க. அதைக் கொஞ்சம் எடுத்துட முடியுமா?"

எனக்கு நினைவே இல்லை. 2018-இல்தான் ஓய்வு பெற்றேன். கையில் புது போன், பொழுது போகவில்லை. ஒவ்வொரு வகுப்புக் குழுப் படமாகப் போட்டு அந்தந்தப் பிள்ளைகளின் குறும்புகளை எழுதிக்கொண்டிருந்தேன். இவன் படத்துக்கு மேலே நான் எழுதியிருந்தது, "நம் பள்ளியில் அணுகுண்டு வைத்த மாவீரன்."

விஷயம் இதுதான். 2014 தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று மிச்சமிருந்த அணுகுண்டு ஒன்றைக் கழிப்பறையில் வைத்துக் கொளுத்திவிட்டான். உள்ளே யாரும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் குவளை மட்டும் துண்டு துண்டாகப் போனது. தலைமையாசிரியர் அவன் அப்பாவை வரச் சொன்னார். அப்பா வந்து எங்கள் முன்னாலேயே இரண்டு அடி போட்டார். அத்தோடு முடிந்தது.

நான் அன்போடுதான் எழுதினேன். கீழே அவன் கூட்டாளிகளும் அன்போடுதான் கமெண்ட் போட்டிருந்தார்கள். "அப்பவே இவன் தீவிரவாதி டீச்சர்", "அடுத்த டார்கெட் ஹெச்.எம். ரூம்". ஏழு வருடமாக யாருக்கும் உறுத்தாமல் கிடந்த பதிவு. அதைப் போனிலேயே மொழிபெயர்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினான். ஆங்கிலத்தில் படித்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. பட்டாசும் இல்லை, தீபாவளியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அணுகுண்டு வைத்த பையன், தீவிரவாதி, அடுத்த இலக்கு. அவ்வளவுதான் இருந்தது.

மருமகளைக் கூப்பிட்டு அன்றிரவே நீக்கிவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. இந்த வழக்கம் எங்கே ஆரம்பித்தது, பிள்ளைகள் எழுதியதை யார் யார் படிக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு பல மாதமாகத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த பழைய பதிவிலிருந்தே தொடங்குகிறேன். நடுநிலைப் பள்ளியில் கொடுப்பதற்குப் பதிவுத்தாள் என்று பெயர், உயர்நிலைப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ். நாம் எல்லாவற்றையும் டி.சி. என்றே சொல்வோம். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் என்று போகும். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது கன்னத்தில் ஒரு தழும்பு. அதோடு நடத்தை எப்படி என்று ஒரு வரி. டி.சி.யில் இல்லாவிட்டால் தனியாக நடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த இடத்தில் "நன்று" என்று எழுதுவோம். என் பணிக்காலம் முழுக்க வேறு சொல் எழுதியதில்லை.

ஒரே ஒருமுறை எழுதப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், ரத்தம் சூடாக இருந்த வயது. ஒரு பையன் என் கைக்கடிகாரத்தை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டான், என் அப்பா வாங்கிக் கொடுத்தது. டி.சி. எழுதும்போது "திருப்தியில்லை" என்று எழுதப் போனேன். அப்போதைய தலைமையாசிரியர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இந்தப் பையன் நாளைக்கு ஐ.டி.ஐ.க்குப் போவான், போலீஸ் வேலைக்குப் போவான். எல்லா இடத்துலயும் இந்தக் காகிதத்தைத்தான் நீட்டணும். உன் வாட்ச் எங்க போச்சுன்னு அவனுங்களுக்கு எதுக்கு?" என்றார். நான் நன்று என்று எழுதினேன். எழுதும்போது மனசு ஆறவில்லை என்பதும் உண்மை.

அந்த வரியைக் கேலி செய்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் நன்று என்றால் அதற்கு என்ன மதிப்பு என்பார்கள். சரிதான், தகவல் என்று பார்த்தால் மதிப்பே இல்லை. ஆனால் அதை எழுதும் கை ஒன்று இருந்தது. அந்தக் கைக்குப் பையனையும் தெரியும், அவன் வீட்டையும் தெரியும், எதை எழுதாமல் விடுவது என்பதும் தெரியும்.

அமெரிக்காவில் இதே விஷயம் வேறு மாதிரி நடந்திருக்கிறது. அங்கே பள்ளிகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் கோப்பு வைத்திருந்தன. ஆசிரியர்கள் தங்கள் மனதில் பட்டதை எல்லாம் அதில் எழுதிவைப்பார்கள். வெளி ஆட்கள் சிலர் பார்க்கலாம், பல இடங்களில் பெற்றோர் மட்டும் பார்க்க முடியாது. 1974-இல் ஜெரால்டு ஃபோர்டு ஜனாதிபதியாக இருந்தபோது இதற்கு ஒரு சட்டம் வந்தது. பெற்றோர் கோப்பைப் பார்க்கலாம், தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம், பொதுவாக அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குக் காட்டக் கூடாது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகிவிட்டாலோ கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ அந்த உரிமை பிள்ளைக்கே. நல்ல சட்டம். ஆசிரியர் கையைக் கட்டிப் போட்ட சட்டம் என்றாலும் நல்ல சட்டம்தான்.

சரியாக முப்பது வருடம் கழித்து, அந்தச் சட்டம் காவல் காக்கும் கல்லூரி ஒன்றுக்குள்ளேயே பிள்ளைகள் தாங்களே தங்களைப் பற்றிய கோப்பைத் திறந்தார்கள். 2004 பிப்ரவரி 4, ஹார்வர்டு. முகநூல். அந்தப் பெயரே அங்குள்ள கல்லூரிகளில் மாணவர் படங்களைப் போட்டு அச்சடித்துக் கொடுக்கும் புத்தகத்தின் பெயர்தான். முதலில் ஹார்வர்டு, பிறகு மற்ற கல்லூரிகள். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால்தான் உள்ளே போகலாம். அதனால் பிள்ளைகள் விடுதி அறையில் பேசுவதுபோல எழுதினார்கள். 2005 செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கதவு திறந்தது. 2006 செப்டம்பர் 26 அன்று பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட எவரும் வரலாம் என்று ஆனது. சித்தப்பா வந்தார், வேலை கொடுப்பவர் வந்தார், நானும் பன்னிரண்டு வருடம் தாமதமாக வந்து சேர்ந்தேன். வகுப்பறைச் சுவரை நாலு பக்கமும் எடுத்துவிட்டார்கள். பலகையில் எழுதியிருந்ததை யாரும் அழிக்கவில்லை.

அதே 2006-இல் நடந்த ஒன்றைப் படித்தபோது என் ஆசிரியர் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்து மனசு கனத்துவிட்டது. பென்சில்வேனியா மாநிலம், மில்லர்ஸ்வில் பல்கலைக்கழகம். அங்கே ஆசிரியர் பட்டப்படிப்பு முடிக்கும் நிலையில் இருந்த ஒரு பெண், பக்கத்தில் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருந்தார். மைஸ்பேஸ் என்று அப்போது ஒரு தளம் உண்டு. வேடம் போட்டுப் போன ஒரு விருந்தில் கடற்கொள்ளையர் தொப்பியோடு, கையில் பிளாஸ்டிக் கோப்பையோடு எடுத்த படத்தை அதில் போட்டு, "குடிகாரக் கொள்ளையன்" என்ற பொருளில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தார். குடிக்கும் வயது வந்தவர்தான். பள்ளியில் அதைப் பார்த்துவிட்டார்கள். பட்டமளிப்புக்கு முன்பு, ஆசிரியர் பட்டம் கிடையாது என்று சொல்லி ஆங்கில இலக்கியப் பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையில் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மீதியையும் சொல்ல வேண்டும். படம் மட்டுமே காரணம் இல்லை. தன்னைக் கண்காணித்த ஆசிரியரைப் பற்றியும் மறைமுகமாக அதே பக்கத்தில் எழுதியிருந்தார். பயிற்சியில் அவர் பாடம் நடத்திய விதத்தில் குறை இருந்ததாகவும் பதிவுகள் இருந்தன. அவர் வழக்குப் போட்டார். 2008 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பயிற்சி ஆசிரியர் என்பவர் அந்த நேரத்தில் மாணவரைவிட ஊழியருக்கே நெருக்கமானவர், அவர் எழுதியது பொது விவகாரமும் இல்லை, ஆகவே பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

நானும் பயிற்சிப் பள்ளியில் மேற்பார்வை டீச்சரை வாயில் வைத்துத் தாளித்தவள்தான். விடுதியில் அவரைப்போல் நடந்து காட்டுவேன், தோழிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அந்த அறையோடு போயிற்று. என் மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடம் இருக்கவில்லை.

கல்லூரிகள் உண்மையிலேயே பார்க்கிறார்களா என்று கேட்பீர்கள். காப்லான் என்ற தேர்வுப் பயிற்சி நிறுவனம் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை அதிகாரிகளிடம் இதைப் பல வருடமாகக் கேட்டு வந்தது. 2008-இல் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பார்த்ததாகச் சொன்னார். 2015-இல் அது 40 சதவீதம். 2018-இல் 25 சதவீதமாக இறங்கிவிட்டது. அதிகாரிகள் மனம் இளகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் விவரமாகிவிட்டார்கள், ஸ்னாப்சாட் போன்ற மறைந்துபோகும் இடங்களுக்கு நகர்ந்துவிட்டார்கள். ஆக, எல்லாக் கல்லூரியும் எல்லார் பக்கத்தையும் துருவுகிறது என்று மேடையேறிப் பயமுறுத்துபவர்கள் சொல்வது அப்படியே உண்மையில்லை. பார்ப்பது சிலர், சில சமயம். யாரை, எப்போது என்பதுதான் பிள்ளைக்குத் தெரியாது.

மறைந்துபோகும் இடமும் மறைவதில்லை. பென்சில்வேனியாவிலேயே ஒரு பள்ளிப் பெண், உற்சாகமூட்டும் குழுவின் மேல் அணியில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில், விடுமுறை நாளில் ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தை போட்டு எழுதினாள். 24 மணி நேரத்தில் மறைய வேண்டியது. ஒரு தோழி படம் பிடித்துவிட்டாள். இருந்த அணியிலிருந்தும் ஒரு வருடம் நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021-இல் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக முடிந்தது, எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்.

பரிதாபப்பட முடியாத வழக்கும் உண்டு. 2017-இல் ஹார்வர்டில் சேரவிருந்த மாணவர்கள் முகநூலில் தங்களுக்குள் ஒரு தனிக் குழு வைத்துக்கொண்டு, யூதர்களைக் கொன்று குவித்ததையும் பாலியல் வன்முறையையும் குழந்தைகள் சாவதையும் வைத்துக் கேலிப்படங்கள் பரிமாறினார்கள். குறைந்தது பத்துப் பேரின் இடத்தைப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. ஆனால் 2013-இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் நடந்ததற்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இளைஞர்களுக்கும் போலீசுக்கும் பாலமாக இருக்க ஒரு 17 வயதுப் பெண்ணைச் சம்பளம் கொடுத்து நியமித்தார்கள். சில நாளில் ஒரு பத்திரிகை அவள் பதினான்கு முதல் பதினாறு வயதுக்குள் ட்விட்டரில் எழுதியதைத் தோண்டி எடுத்துப் போட்டது. அசிங்கமாகத்தான் எழுதியிருந்தாள். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினாள். இளைஞர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தானே ஓர் இளம்பெண்ணை வைத்தார்கள்!

வேலை கொடுப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் சிறைத்துறை ஊழியர் ஒருவரிடம் நேர்காணலில் முகநூல் கடவுச்சொல்லையே கேட்டு, எதிரிலேயே உட்கார்ந்து அவர் பக்கத்தைப் படித்தார்கள். அதன் பிறகுதான் 2012-இல் அந்த மாநிலம், வேலைக்கு வருபவரிடம் கடவுச்சொல் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான்.

மறக்கச் செய்வதற்கும் முயற்சிகள் நடந்தன. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம், ஒருவர் பெயரைத் தேடினால் வரும் பழைய, பொருத்தமற்ற தகவல்களை கூகுள் தன் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டவர் ஸ்பெயின்காரர். 1998-இல் கடனுக்காகத் தன் வீடு ஏலத்துக்கு வந்த பத்திரிகை விளம்பரத்தை உலகம் மறக்க வேண்டும் என்று கேட்டார். வழக்கால் அந்தக் கடன் விவரம் இப்போது சட்டப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, பாவம். கலிபோர்னியாவில் 2015 முதல், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் தாங்கள் போட்ட பதிவைத் தாங்களே நீக்க வழி செய்து தர வேண்டும் என்று சட்டம். இதில் ஒன்றை நான் இரண்டு முறை படித்தேன். பிள்ளை தானே போட்டதற்குத்தான் அந்த உரிமை. அவனைப் பற்றி அடுத்தவர் போட்டதற்குக் கிடையாது. அணுகுண்டுப் பதிவைப் போட்டது நான்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை அடைக்கப்பட்டபோது அதைக் கேட்டு முகநூலில் எழுதிய ஓர் இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் கைது செய்தார்கள். லைக் போட்டதற்கு! பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவை எதிர்த்து ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு வந்தபோது நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தனியாக எழுதிய பகுதியில் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார். அறியா வயதில் இணையத்தில் செய்த தவறுகளின் பலனை அவர்கள் ஆயுள் முழுக்கச் சுமக்கக் கூடாது என்பது அவர் கருத்து. எங்கள் தலைமையாசிரியர் அதைப் படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தன் விவரங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. சமூக ஊடகத்தில் எழுதுவதையே சட்டத்துக்குள் உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் 1974 சட்டத்திலும் இதே கதைதான். பள்ளி எழுதிய கோப்புக்குக் காவல் உண்டு, பிள்ளை எழுதிய கோப்பு தெருவில் கிடக்கிறது.

கடைசியாக விசா. 2019 முதலே அமெரிக்க விசா விண்ணப்பத்தில், கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்களை எழுத வேண்டும். 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி தருவதையே நிறுத்திவைத்தார்கள். ஜூனில் மறுபடி தொடங்கியபோது, மாணவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். அந்த வருட டிசம்பரில் எச்1பி வேலை விசாவுக்கும் இது வந்துவிட்டது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணா சாலைத் தூதரகத்து வாசலில் காலை ஆறு மணிக்குக் கையில் கோப்போடு நிற்கும் கூட்டத்தில் நம் ஊர் முகம் ஒன்றாவது இருக்கும்.

அந்தப் பையனும் அங்கேதான் நின்றான். கணக்கைத் திறந்து வைக்கப் போனபோதுதான் என் பதிவு அவன் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடனாக வாங்கிய பணம், அப்பா அடகு வைத்த நிலம், இரண்டு வருட உழைப்பு எல்லாம் ஒரு பக்கம், டீச்சரின் அணுகுண்டு ஜோக் மறுபக்கம். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

நேர்காணலில் எந்தப் பல்கலைக்கழகம், செலவு யார் செய்கிறார்கள், படித்து முடித்து என்ன செய்வாய் என்று மூன்று கேள்வி. அவ்வளவுதான். விசா கிடைத்தது. ஆகஸ்டில் போய்விட்டான். அந்தப் பதிவை யாரும் பார்த்தார்களா, நீக்குவதற்கு முன்பா, பின்பா, அவனுக்கும் தெரியாது. டி.சி.யில் நான் என்ன எழுதினேன் என்று அவன் பார்த்தான், கையில் வாங்கிக்கொண்டு போனான். 2015-இல் அவன் பதிவுத்தாளை நிரப்பியதும் நான்தான், அணுகுண்டு வெடித்த அதே கல்வியாண்டு. நடத்தை நன்று என்றுதான் எழுதினேன்.

மருமகளும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் பழைய பதிவுகளை எல்லாம் பார்த்தோம். பதினேழை நீக்கினேன். யார் யாருக்கு எத்தனை மதிப்பெண், யார் வகுப்பில் மயங்கி விழுந்தாள், யார் யாருக்குக் கடிதம் கொடுத்தான், எல்லாம் எழுதி வைத்திருந்தேன், படத்தோடு. நீங்கள் லைக் போட்டிருந்தீர்கள், நான் பூரித்துப் போயிருந்தேன். எழுதியவர்களிடம் எல்லாம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க முடியவில்லை, இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெயரோ படமோ என் பக்கத்தில் இன்னும் எங்காவது உறுத்தினால் கமெண்டில் சொல்ல வேண்டாம், போன் செய்யுங்கள்.

இன்னொன்று. அந்த அணுகுண்டுப் படத்தை எடுத்துத் தங்கள் பக்கத்தில் தனியாகப் போட்டவர்கள் இருவர். நான் என் பக்கத்தில்தான் நீக்க முடிந்தது, உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன். யார் என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கே எடுத்துவிடுங்கள் கண்ணுகளா, அவன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்